சாதாரணத் தேய்மானம்

சாவியைச் சமையல் மேடையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் டெல்ஃபின்.
மூன்று சாவி. கொடுத்தது நாலு.
எழுதிக்கொள்கிறேன்.

ஒன்பது வருஷம் இருந்தாள் இந்த மேல்மாடியில்.
முன்பணம் தொள்ளாயிரத்து ஐம்பது டாலர்.
மூன்று வாரத்துக்குள் திருப்ப வேண்டும்,
பிடித்தால் ஏன் பிடித்தேன் என்று கடிதம் எழுத வேண்டும்.
சாதாரணத் தேய்மானத்துக்குக் காசு பிடிக்கக் கூடாதாம்.
எது சாதாரணம் என்று
டுலூத் நீதிமன்றத்தில் மூன்று முறை கேட்டிருக்கிறேன்.
மூன்று நீதிபதி, மூன்று பதில்.

டார்ச்சோடு நடக்கிறேன்.
கூடத்துச் சுவரில் ஆணித் துளை நாற்பத்தொன்று.
இத்தனையில் எதை மாட்டியிருந்தாள்?
நான் பார்த்ததே இல்லை.
வந்தபோதெல்லாம் குனிந்துதான் இருந்தேன்:
தொட்டிக்கு அடியில், கழிவறைக்குப் பின்னால்,
ரேடியேட்டர் வால்வுக்கு முன்னால் முழங்காலிட்டு.

குளியலறைத் தரை, கதவோரம், மெத்தென்று அமுங்குகிறது.
அது அவள் குற்றமில்லை.
சொன்னாள், இரண்டு தடவை.
வசந்தத்தில் பார்க்கலாம் என்றேன்.
எந்த வசந்தம் என்று சொல்லவில்லை.

ஒரு ஜனவரிக் கடைசி, மைனஸ் முப்பத்தொன்று,
இரவு இரண்டே முக்காலுக்கு ஃபோன்:
பாய்லர் நின்றுவிட்டது, மிஸ்டர் கெம்பைனன்.
பனி தள்ளும் வண்டியில் பதினாலு மணி நேரம் ஓட்டிவிட்டு
அப்போதுதான் பூட்ஸைக் கழற்றியிருந்தேன்.
நிலவறையில் அவள் விளக்குப் பிடித்தாள்.
அவளுடைய ஹேர் டிரையரால் உறைந்த குழாயைக் காய்ச்சினேன்.
பேச்சில்லை. வாய் திறந்தால் பல் கூசும் குளிர்.
மறுநாள் ஒன்றாம் தேதி, வாடகை வந்தது.
நானாக இருந்தால் ஐம்பது குறைத்திருப்பேன்.

வாடகைக்கு விடுகிறவன் தூங்கிக்கொண்டே சம்பாதிக்கிறான்
என்பான் என் மச்சான் ரெய்னோ.
அந்தத் தூக்கத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.
கூரையில் ஆலங்கட்டி விழுந்தது;
காப்பீட்டுக்காரனுக்கு ஆலங்கட்டி மேலேயே சந்தேகம்.
வீட்டு வரி இந்த ஊர்த் தெருக்களைப் போல
ஏரியிலிருந்து நேராக மேலே ஏறுகிறது.

சமையலறைக் கதவின் கீழ்ப்பாதி முழுக்க நகக் கீறல்.
பெயின்ட் போய், உள்மரம் வெளுத்து.
ஒப்பந்தம், பத்தி பதினொன்று: நாய் கூடாது.
என் கையெழுத்து. அவள் கையெழுத்து.
இது தேய்மானம் இல்லை, சேதம்.
கதவு இருநூற்றுப் பத்து.

ஆனால்
நான் படியேறும்போதெல்லாம் உள்ளே ரேடியோச் சத்தம் கூடும்.
அதற்கடியில்
வால் ஒன்று தரையைத் தட்டும்,
டப், டப், டப்.
குழாயா, என்று ஒருமுறை கேட்டேன்.
பழைய வீடு, என்றாள்.
ஆமாம், பழைய வீடு, என்றேன்.
இரண்டு வருஷம் முந்தி ரேடியோ நின்றது.
அந்த மாதம் வாடகை ஐந்து நாள் தாமதம்.
தாமதக் கட்டணம் நான் கேட்கவில்லை.
ஏன் கேட்கவில்லை என்று அவளும் கேட்கவில்லை.

நோட்டில் எழுதுகிறேன்: கதவு, பழசு.

அடுப்பு வேறு விஷயம்.
ஒன்பது வருஷக் கொழுப்பு கருகி, தார் போட்ட மாதிரி.
அறுபத்தைந்து. காணாத சாவிக்கு ஏழு.
இதில் இரக்கம் கிடையாது;
ஞாயிற்றுக்கிழமை உள்ளே தலையை விட்டுத்
தேய்க்கப்போவது நான்தான்.

ஃபோன். விளம்பரம் பார்த்த ஒரு பெண்,
மாரிபெல், மருத்துவமனையில் இரவு வேலை.
ஜன்னலில் ஏரி தெரியுமா?
தெரியும், கழுத்தை வளைத்தால்.
ஹீட்டிங் வாடகையில் சேர்த்தியா?
சேர்த்தி.
பிறகு கொஞ்சம் தயங்கி,
செல்லப் பிராணி ஏதாவது...

கூடாது என்றேன்,
கதவைப் பார்த்தபடி.
உங்களிடம் ரேடியோ இருக்கிறதா என்று கேட்க
வாய்வரை வந்தது.